அக்கா பாஸ் பண்ணிய வெப்சைட்டுகள்

அலுவலகத்தில் அவருக்கு நிபுணர் என்று பெயர். யாரோ கிண்டலாக வைத்தது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கிண்டல் என்று தெரியவந்தபோது பெயர் நன்றாக ஒட்டிப்போயிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டிருந்தார்.

நிபுணரின் வேலை இணையதளங்களுக்கு உருவம் கொடுப்பது. எந்த மூலையில் எந்தப் பட்டன், எதைத் தொட்டால் எது திறக்கும், எந்த எழுத்து எவ்வளவு பெரிசு, எல்லாம் அவர் தீர்மானம். இதற்கு அவரிடம் ஒரே ஒரு சித்தாந்தம் இருந்தது. மனசுக்குப் பழகியது எதுவோ அதுதான் எளிது. சொந்த வீட்டில் சுவிட்ச் எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை, கை தானாகப் போகிறது. வெப்சைட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆளை யோசிக்க வைத்தால் அது வெப்சைட் இல்லை, பரீட்சை. இதை நாற்பது படங்களோடு நான்கு ஊர்களில் மேடையேறிப் பேசியிருக்கிறார். ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பழகினதுன்னா யாருக்குப் பழகினது சார்?" என்று கேட்டாள். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு நிபுணர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்த வெப்சைட்டும் வெளியே போகும் முன் கம்ப்யூட்டர் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருடம் நிபுணர் நிஜமாகவே ஐந்து பேரைப் பிடித்தார். மூன்று பேர் வரவில்லை. நாலாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறை சொன்னார், போகும்போது சுவர் வண்ணத்தையும் குறை சொன்னார். ஐந்தாவது ஆள் அக்கா. எட்டே விநாடியில் பட்டனைக் கண்டுபிடித்து, "ஜோரா இருக்குடா" என்றாள்.

அன்றோடு மற்ற நான்கு பேரும் தேவையில்லை என்று நிபுணருக்குத் தோன்றிவிட்டது. படிவத்தில், 'நாற்பத்தொரு வயதுப் பெண், தொழில்நுட்பத் துறை சாராதவர், எந்தத் தடுமாற்றமும் இல்லை' என்று எழுதினார். ஐந்து கட்டங்களிலும் அதையே வார்த்தை மாற்றி நிரப்பினார். பதினோரு வருடமாக அதே படிவம்தான். மனசாட்சி உள்ளவர் என்பதால் வயதை மட்டும் வருடா வருடம் ஒன்று கூட்டிவிடுவார்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். முன்னால் கண்ணாடிகள் அடுக்கிய அறை, பின்னால் கண் பரிசோதிக்கும் இருட்டறை, மாடியில் வீடு. அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகித் தூரதேசத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குக் கூட்டம் வராது. நிபுணர் லேப்டாப் பையோடு அப்போதுதான் போவார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ம், காட்டு" என்பாள். அடுத்த எட்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது நிபுணருக்குக் கால் தரையில் பாவாது. "உங்க அக்கா ஃபெயில் பண்ண வெப்சைட் ஒண்ணாவது உண்டா?" என்று மனைவி கேட்பாள். அதையும் அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் வாசலில்தான் குடைசாய்ந்தது.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம் அது. பதினாறு நாற்காலிகள், தொண்ணூறு பேர். ஒரு நாள் தள்ளிப்போனால் உடம்பில் நீர் கட்டிவிடும். முன்பெல்லாம் நாள் மாற்ற வேண்டியவர்கள் போன் செய்வார்கள், வரவேற்பில் இருக்கும் அம்மா மாற்றிக் கொடுப்பார். போன் ஓய்வதே இல்லை என்றுதான் வெப்சைட் கேட்டார்கள். நிபுணர் உயிரைக் கொடுத்துச் செய்தார். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு மேகம், மேகத்தைத் தள்ளினால் நாட்கள், இடது மூலையில் கீழே வெளிர் சாம்பல் நிறத்தில் பிறை மாதிரி ஒரு பட்டன். அதைத் தொட்டால்தான் பதிவாகும். அக்கா ஏழு விநாடியில் தொட்டாள். அது புதுச் சாதனை.

வெப்சைட் திறந்த முதல் வாரத்தில் தொண்ணூறு பேரில் ஒன்பது பேர் வெற்றிகரமாகப் பதிவு செய்தார்கள். அதில் நாலு பேர் தவறான நாளைப் பதிவு செய்திருந்தார்கள். போன் முன்பைவிட மூன்று மடங்கு அடித்தது.

முதலாளியம்மா நிபுணரைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ரெண்டு வாரம் டைம் கொடுத்திருக்காங்க. நீங்க நாளைல இருந்து அங்க போய் உக்காருங்க. வர்ற போனை நீங்களே எடுங்க."

"மேடம், யூசர் டெஸ்ட் எல்லாம் கிளீனா பாஸ் ஆயிருக்கு..."

"பாத்தேன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், தடுமாற்றம் இல்லை. அஞ்சு தடவை எழுதியிருக்கீங்க. அந்த அம்மா நல்லா இருக்கட்டும். இதுவும் தேறலைன்னா இனிமே நீங்க டிசைன் பண்ண வேணாம். மேடையில பேசிக்கிட்டு மட்டும் இருங்க."

மேடைப் பேச்சு அவருக்கு உயிர். அதையே தண்டனையாகக் கேட்டபோது நிபுணருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரவேற்பு மேஜையில் போய் உட்கார்ந்தார். வரவேற்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "நீங்கதானா அது?" என்றார்.

முதல் போனே ஒரு வயதான மனுஷருடையது.

"கீழ, இடது பக்க மூலையில ஒரு பிறை மாதிரி இருக்கும் பாருங்க ஐயா" என்றார் நிபுணர்.

"அங்க ஒண்ணுமில்ல தம்பி."

"வெளிர் சாம்பல் கலர்ல இருக்கும்."

"ஓ, அதுவா? அது தூசின்னு நெனச்சு நேத்துல இருந்து துடைச்சிக்கிட்டு இருக்கேன்."

வரவேற்பம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்பது நிபுணருக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் அறுபத்தெட்டு போன். மேகத்தைத் தள்ளத் தெரியாதவர்கள், மேகத்தைப் பெரிதாக்கியவர்கள், மழை வருமா என்று பார்க்கிற வெப்சைட் என்று நினைத்து மூடியவர்கள். எல்லோரையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, காடு எவ்வளவு அழகு பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார் நம்மவர்.

அப்போதும் உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்கு ஒரு முணுமுணுப்பு இருந்தது. அக்காவுக்குத் தெரிகிறதே, இவர்களுக்கு ஏன் தெரியவில்லை? தப்பு தன் பட்டனிலா, இவர்கள் பார்வையிலா?

அதற்குப் பதில் மூன்றாம் நாள் வந்தது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், வியாழக்கிழமைக்கு மாற்றிப் பதிந்துவிட்டதாக நம்பி வந்துவிட்டார். பதிவாகவில்லை. பதினாறு நாற்காலியும் நிரம்பியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. இரண்டு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஒரு நாற்காலி காலியாகும் வரை இங்கேயே இருங்கள் என்று ஆக்சிஜனைப் பொருத்திவிட்டுப் போனாள். மூன்று மணி நேரம் ஆனது. நிபுணர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போகத் தைரியம் வரவில்லை.

டிரைவர் திட்டியிருந்தால் நிபுணர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அந்த மனுஷன் திட்டவில்லை.

"என் மேலதான் தம்பி தப்பு" என்றார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். எந்த ரோட்லயும் தடுமாறினதில்ல. இந்த ஒரு பட்டன் கண்ணுல படல பாரு. வயசாயிடுச்சு."

நிபுணருக்கு அழுகை வந்தது. இது நான் செய்த பட்டன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருகிற சாக்கில் எழுந்து போனார். டிரைவர் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போனபோது ஒருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அக்கா உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவரு மூணு வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்தாருடா. கண்ணாடி போடப் பிடிக்காது. அதனால சுவத்துல இருக்கற எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாரு. நானும் கண்ணு அருமையா இருக்குன்னு அனுப்பிட்டு இருந்தேன். இன்னிக்கு வேற அட்டையை மாட்டி வச்சேன். மூணாவது வரியில மண்ணைக் கவ்விட்டாரு."

நிபுணரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். என் பட்டனை எல்லாம் நீ எப்படிக் கண்டுபிடிக்கற?"

"அதென்ன பெரிய வித்தையா? நீ முக்கியமான எதையும் இடது மூலையில, கீழ, வெளிறிப்போன கலர்லதான் வைப்ப. சின்ன வயசுல என் பென்சிலை ஒளிச்சு வைப்பியே, கட்டிலுக்குக் கீழ இடது கால் ஓரமா. அங்க இல்லன்னா பீரோவுக்கு இடது பக்கம். உன் புத்தி எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

"அங்க இல்லாம வேற இடத்துல வச்சிருந்தா?"

"உன் மூஞ்சியைப் பாப்பேன். கை கிட்ட போச்சுன்னா புருவம் மேல ஏறும். தள்ளிப் போச்சுன்னா வாயை இறுக்கிப்ப. வெப்சைட்டை யாருடா பாத்தா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை கேள்விப்பட்டிருக்கிறோம். பதினோரு வருடமாக மறைத்தது யார், தேடியது யார் என்றே நிபுணருக்குப் புரியவில்லை. அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பழக்கம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அது அக்காவுக்கு அவரோடு இருந்த பழக்கம். முப்பத்தாறு வெப்சைட்டுகள், லட்சக்கணக்கான ஜனங்கள், எல்லோரும் அவருடைய அக்காவாகப் பிறந்திருந்தால் ஒரு தொல்லையும் இருந்திருக்காது.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ கேக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை நிபுணர் நிலையத்தில் லேப்டாப்பைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர்கூடத் தேதி, நேரம் என்று பேசவில்லை. எல்லோரும் நாற்காலியைப் பற்றித்தான் பேசினார்கள். சன்னல் சேர், ஃபேன் சேர், டிவிக்கு நேர் சேர். "வெள்ளிக்கிழமை என் சேர்ல யாரு?" என்றுதான் கேட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் வரவேற்பம்மா தன் கையால் வரைந்த வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்தால் அறை எப்படித் தெரியுமோ அப்படியே பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காந்த வில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் பலகையை அரை விநாடி பார்த்துவிட்டு நேராகத் தன் நாற்காலிக்குப் போனார். யாரும் யோசிக்கவே இல்லை. நிபுணர் முதல் நாளிலிருந்து அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெப்சைட் வந்ததும் அதைக் கழற்றிவிடச் சொல்லிக் குறிப்பு எழுதியதும் அவர்தான்.

"அம்மா, இந்தப் பலகையை அப்படியே போன்ல கொண்டுவந்துட்டா?" என்று கேட்டார்.

"அதைத்தான முதல்லயே பண்ணுவீங்கன்னு நெனச்சேன்" என்றார் வரவேற்பம்மா. "மேகம் வந்துச்சு. சரி, படிச்சவங்கன்னு விட்டுட்டேன்."

நிபுணர் நான்கு நாள் வரைந்தார். வரவேற்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். "சன்னல் இன்னும் இந்தப் பக்கம். டிவி எங்க? டிவியைப் போடாம எந்தச் சேர்னு எப்படித் தெரியும்?" நிபுணர் டிவியை வரைந்தார். காலியான நாற்காலிக்குப் பச்சை, ஆள் இருந்தால் சிவப்பு. பலகையில் இருக்கிற அதே பச்சை, கண்ணைக் குத்துகிற பச்சை. ஃபேன் படம் பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்குள்ளே இருந்த கலைஞன் தரையில் விழுந்து புரண்டான். விட்டுவிட்டார்.

சோதனைக்கு நிஜமாகவே ஐந்து பேர். அவர்கள் தொட்டுப் பார்க்கும்போது நிபுணர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார், புருவத்தை நம்ப முடியாது என்பதால். உள்ளே வரவேற்பம்மா மட்டும் இருந்தார். டிரைவர் நான்காவது ஆள். நிபுணர் கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"இதோ என் சேர்" என்ற குரல் கேட்டது. பிறகு, "சனிக்கிழமை. ம். அவ்வளவுதானா?"

பதினோரு விநாடி என்று பிறகு வரவேற்பம்மா சொன்னார். வெளியே வந்த டிரைவர் நிபுணரின் தோளைத் தட்டினார். "முன்னாடியே இப்படிப் பண்ணியிருக்கலாமே தம்பி. இதுல என்ன இருக்கு?"

உண்மையில் ஒன்றும் இல்லைதான். நிலையத்தில் அதை யாரும் வெப்சைட் என்றுகூடச் சொல்வதில்லை, 'போர்டு இப்ப போன்ல வருது' என்கிறார்கள். அடுத்த வாரம் போன் பாதியாகக் குறைந்தது. முதலாளியம்மா, "சரி, டிசைனே பண்ணுங்க" என்றார். நிபுணரின் வேலை தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குஷியாக அக்காவிடம் போனார். இதையும் காட்டத்தான். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ம், காட்டு" என்றாள். கை நேராக இடது மூலைக்குக் கீழே போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். நிபுணர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"இதென்னடா, தியேட்டர் டிக்கெட்டா? இது என்ன, டிவியா? எதுக்கு டிவி?"

நான்கு நிமிடம் ஆனது. அக்கா ஃபெயில். நிபுணர் துண்டை எடுத்துவிட்டுக் கைதட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இதுல நீ எங்கடா இருக்க?" என்றாள் அக்கா.

"நான் இல்லக்கா. அதுதான் விஷயமே! அந்த ரூமுக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் புரியும். இனிமே இப்படித்தான். ஒவ்வொரு வேலைக்கும் அதுக்குண்டான ஆளுங்களை வச்சுத்தான் டெஸ்ட்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினாள்.

"அப்ப நான் வேணாம்."

"அப்படி இல்லக்கா..."

"முதல் வருஷமே கஷ்டமா இருக்குன்னு சொல்லியிருப்பேன்டா. சொன்னா வேற ஆளைத் தேடிப் போயிடுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை இங்க யாரு வருவா?"

நிபுணர் மூடிய லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தார். லேப்டாப் இல்லாமல் இந்தக் கடைக்கு எப்போது வந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். அத்தான் இறந்த அன்று வந்தார். அன்றும் பை தோளில்தான் இருந்தது. வெறும் பழக்கம், வேறொன்றுமில்லை. பழக்கத்தைப் பற்றி நாலு ஊரில் பேசிய மனுஷனுக்குத் தன் அக்கா எதற்குப் பழகியிருக்கிறாள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையை வீசிக்கொண்டு போனார். தோள் இலேசாக இருந்தது. இரண்டு தடவை எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டோம் என்று பதறித் திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கண் முதலில் தோளுக்குப் போனது, பிறகு கைக்கு.

"பையை மறந்துட்டியா?"

"இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

அக்காவின் கையிலிருந்த கண்ணாடி அப்படியே நின்றது. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவசரமாக வந்து அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னடா ஆச்சு? வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதே, சொல்லு."

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அவர் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.